கார்டுக்கு முன் கேமரா

தஞ்சாவூரில் நான் தொழில் பழகிய கல்யாண வீடியோ மிக்ஸிங் சென்டரில் எடிட்டிங் கம்ப்யூட்டருக்கு ‘மேட்ராக்ஸ்’ என்றே பெயர். “மேட்ராக்ஸ்ல யாருப்பா உட்கார்ந்திருக்கா?” என்றுதான் முதலாளி கேட்பார். கனடாவின் மேட்ராக்ஸ் கம்பெனி 2001-ல் கொண்டுவந்த ஆர்டி2500 கார்டு அந்தப் பெட்டிக்குள் இருந்தது. கார்டின் விலையும் மற்ற பாகங்கள் எல்லாவற்றின் விலையும் கிட்டத்தட்ட ஒன்று.

அந்தக் கார்டு எங்களிடம் வந்த விதத்தை நான் மறக்கவில்லை. சென்னையிலிருந்து வந்த வியாபாரி முதலில் விலையைப் பேசவில்லை. “என்ன கேமரா வச்சிருக்கீங்க? விஎச்எஸ் எம்9000-ஆ, டிவி (DV) கேமராவா? அவுட்டு கேசட்லயா, சிடியிலயா?” என்று கேட்டார். பதில் தெரிந்த பிறகுதான் கார்டைச் சொன்னார். அந்தக் கார்டோடு ஒத்துப்போகும் மதர்போர்டுகளை மேட்ராக்ஸே பட்டியல் போட்டுக் கொடுத்திருந்தது. அதைப் பார்த்து போர்டு, போர்டைப் பார்த்து பிராசஸர், கடைசியில் ரேமும் ஹார்டு டிஸ்கும். கணக்கு கேமராவில் தொடங்கி கேபினட்டில் முடிந்தது.

அன்று வேலையின் அளவும் தெளிவாகத் தெரியும். டிவி கேசட்டில் பதிவாகும் படம் நொடிக்கு 25 மெகாபிட். ஒரு மணி நேரக் கேசட்டை ஃபயர்வயர் கேபிளில் கேப்சர் செய்தால் சுமார் 13 ஜிபி. விண்டோஸும் சாஃப்ட்வேரும் பிடிக்கும் இடம் போக, 40 ஜிபி டிஸ்கில் மூன்று கேசட் அடங்காது. முகூர்த்தத்தை முடித்து அவுட் போட்டு, டிஸ்கைக் காலி செய்துதான் வரவேற்பை ஏற்றுவோம். கார்டு செய்ய வேண்டியது ஒன்றுதான்: பக்கம் புரள்வதுபோல் ஒரு காட்சி மடங்கி அடுத்த காட்சி வருவதை, ரெண்டர் போடாமல் அப்போதே ஓட்டிக் காட்ட வேண்டும். காட்டியது. பெண்ணின் தாய்மாமன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “இந்த இடத்துல எங்க அக்கா வரட்டும்” என்பார். உடனே மாற்றி ஓட்டிக் காட்டுவோம்.

2010-ல் காற்று திசை மாறியது. அடோபி பிரீமியர் புரோ சிஎஸ்5, என்விடியா கார்டில் உள்ள ‘கூடா’ (CUDA) நுட்பத்தைக் கொண்டு எஃபெக்ட்டுகளைக் கணக்கிடத் தொடங்கியது. விளையாட்டுக்காகச் செய்த கார்டு எடிட்டருக்கு நேரடியாக உதவியது. ஆனால் அடோபி அங்கீகரித்த கார்டுகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்: ஜிடிஎக்ஸ் 285, சில குவாட்ரோக்கள். சிறு ஊர் சென்டர்களில் அவற்றை யாரும் வாங்கியிருக்கவில்லை. அந்தப் பட்டியல், பிரீமியர் ஃபோல்டருக்குள் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாகக் கிடந்தது. அதை நோட்பேடில் திறந்து, கடைசி வரிக்குக் கீழே நம் கார்டின் பெயரை எழுத்துப் பிசகாமல் டைப் செய்து சேமித்தால் போதும். பிரீமியரைத் திறந்தால், அதுவரை மங்கிக் கிடந்த ஜிபியு முடுக்கத் தேர்வு உயிர்பெற்றிருக்கும். கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று சென்டர் சென்டராக இந்த வித்தையைப் போனிலேயே சொல்லிக்கொடுத்தோம். சில ஆண்டுகளில் அடோபியே அந்தப் பட்டியலைக் கைவிட்டது.

இன்று சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடைப் படி ஏறினாலும் முதல் கேள்வி, “பட்ஜெட் எவ்வளவு?” பதில் சொன்னதும் ஒரு கார்டு மேஜைக்கு வருகிறது. எந்த கேம் எத்தனை ஃபிரேமில் ஓடும் என்ற விவரமும் வருகிறது. கேமராவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 2001-ல் கேட்டதைவிட இன்றுதான் அந்தக் கேள்வி அதிகம் தேவைப்படுகிறது.

போன ஆடி மாதம் திருவாரூரிலிருந்து ஒரு தம்பி தன் சிஸ்டத்தை காரில் வைத்துக் கொண்டுவந்தார். ஐ7-4790, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1650 கார்டு. “டைம்லைன்ல ஒரு கிளிப்பைப் போட்டாலே திக்குதுண்ணே. கார்டை மாத்தி 4060 போட்டுடலாமா?” என்றார்.

“என்ன கேமரா தம்பி?”

“சோனி ஏ7 ஃபோர்ண்ணே. 4:2:2 டென் பிட்.”

பிரீமியரில் அவருடைய கிளிப்பை ஓடவிட்டு, பக்கத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். சிபியு கோடு உச்சியைத் தொட்டு நின்றது. ஜிபியு பக்கத்தில் ‘வீடியோ டிகோட்’ என்ற கட்டத்தில் கோடு தரையிலேயே கிடந்தது. சுருக்கிப் பதிவான படத்தைப் பிரித்தெடுக்கும் வேலையில் கார்டு கையே வைக்கவில்லை. 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முன்னால் வந்த என்விடியாவின் எந்த ஜீஃபோர்ஸ் கார்டும், நிற விவரம் அதிகம் கொண்ட 4:2:2 படத்தைத் தானாகப் பிரித்துக் கொடுக்காது. 4060 வாங்கியிருந்தாலும் அந்தக் கோடு எழுந்திருக்காது.

அவருக்கு நான் சொன்ன வழிக்குச் செலவு இல்லை. எடுத்து முடித்த கல்யாணங்களுக்கு ராத்திரியே பிராக்ஸி போட்டுவிட்டு, காலையில் அந்தச் சிறிய ஃபைல்களில் எடிட் செய்ய வேண்டும். இனி எடுப்பவற்றில், நிறத்தை ஆழமாகத் திருத்தத் தேவையில்லாத நீண்ட சடங்குகளை 4:2:0-வில் எடுக்க வேண்டும். அந்த வகைப் படத்தை 1650 தாராளமாகப் பிரிக்கும். கேமரா மெனுவை மாற்றி, ஒரு நிமிடம் எடுத்து, அங்கேயே ஓட்டிப் பார்த்தோம். டிகோட் கோடு எழுந்தது. “இதை யாருமே சொல்லலையேண்ணே” என்றார் தம்பி. அவர் விசாரித்திருந்தது நான்கு கடைகளில்.

எடிட்டிங்கில் கார்டு செய்யும் வேலை மூன்று: படத்தைப் பிரிப்பது, நிறமும் எஃபெக்ட்டும் கணக்கிடுவது, அவுட் போடுவது. மூன்றுக்கும் கார்டுக்குள் வெவ்வேறு பகுதிகள் உண்டு. அவுட் போட உதவும் என்வென்க் சில்லு 2012-லேயே ஜிடிஎக்ஸ் 600 வரிசையில் வந்துவிட்டது. பிரீமியர் அதைப் பயன்படுத்தத் தொடங்கியது 2020 மே மாதத்தில்தான். சாஃப்ட்வேருக்குச் சாஃப்ட்வேர் கணக்கும் மாறும். நம் ஊர் சென்டர்களில் பரவலாக ஓடும் எடியஸ், பிராசஸரையும் இன்டெலின் குவிக் சிங்க்கையும்தான் பெரிதும் நம்புகிறது. அங்கே விலை உயர்ந்த கார்டு போடுவது வீண். டாவின்சி ரிசால்வ் நேர் எதிர்: நிறத் திருத்தம் முழுவதும் கார்டின் தலையில்தான். 4 ஜிபி கார்டில் 4கே டைம்லைன் போட்டால், மெமரி நிரம்பிவிட்டது என்று பாதி வழியில் நின்றுவிடலாம்.

பழைய பெட்டி என்றால் அதற்குள்ளும் பார்க்க வேண்டும். முதலில் எஸ்எம்பிஎஸ். கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான தனி பவர் கனெக்டர் பெரும்பாலும் இருக்காது. மதர்போர்டு ஸ்லாட் தரக்கூடியது 75 வாட். அதற்குள் அடங்குவதில், தனி கனெக்டர் இல்லாமல் 70 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி இன்று நான் முதலில் சொல்லும் கார்டு. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். அதில் அவுட் போடும் சில்லே இல்லை. நான்கு லேனில் மட்டும் ஓடுவதால் பழைய போர்டில் அதன் வேகமும் குறையும். இன்டெல் ஆர்க் ஏ380 வீடியோவுக்கு அருமையான கார்டு. ஆனால் ரீசைசபிள் பார் வசதி இல்லாத பழைய போர்டில் முழுத் திறனைக் காட்டாது. ஆபீஸ்களிலிருந்து கழித்து விற்கும் ஒல்லிப் பெட்டிகளுக்கு லோ புரொஃபைல் கார்டுதான் உள்ளே நுழையும். 2012-க்கு முந்தைய சில போர்டுகளில் புதுக் கார்டைச் செருகினால் திரையே வராது. பயாஸைப் புதுப்பிக்க முடியுமா என்று வாங்குவதற்கு முன் பார்த்துவிட வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் முடிவுக்கு வந்ததும், இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தையில் குவிந்தன. ஃபேனைக் கையால் சுற்றிப் பார்த்து, கடையிலேயே அரை மணி நேரம் அவுட் போட விட்டுத்தான் காசை எடுக்க வேண்டும். ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கு வழக்கமான புது டிரைவர்கள் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டன. 1050 டிஐ எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் இனி வாங்குவதற்கில்லை.

கல்யாண சீசனில் ஒரு சென்டருக்கு வாரம் மூன்று கல்யாணம் வரும். திக்கும் டைம்லைனில் உட்கார்ந்திருக்கும் எடிட்டர், நாதஸ்வரக்காரர் எந்த இடத்தில் வேகம் எடுக்கிறார், மாலை மாற்றும்போது பெண் யாரைத் திரும்பிப் பார்க்கிறாள் என்பதையெல்லாம் விட்டுவிடுவார். அதனால்தான் இந்தக் கணக்கில் இத்தனை பிடிவாதமாக இருக்கிறேன். தடையில்லாமல் ஓடும் படத்தில்தான் எடிட்டரின் கண் வேலை செய்யும்.

என்னிடம் கேட்கும் இளைஞர்களுக்கு வரிசையை மாற்றிச் சொல்கிறேன். என்ன கேமரா, என்ன ஃபார்மட், என்ன சாஃப்ட்வேர், எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட், இன்னும் ஹார்டு டிஸ்கிலா எஸ்எஸ்டியிலா? ஐந்துக்கும் பதிலை எழுதிக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். நான்காம் தலைமுறை ஐ7-இல் 4:2:2 படத்தை பிராக்ஸி இல்லாமல் நேரடியாக எடிட் செய்தே தீர வேண்டும் என்றால், அந்தப் பெட்டிக்குக் கார்டே வாங்க வேண்டாம். அந்தப் பணத்தை அடுத்த போர்டுக்கும் பிராசஸருக்கும் எடுத்து வைக்க வேண்டும். கார்டு விற்கிறவர் இதைச் சொல்லப்போவதில்லை. தொழிலில் இருக்கிற நாம்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும்.