நகலுக்கு நகல்

கேள்வி: 1965-இல் ‘சாட்டிஸ்ஃபாக்‌ஷன்’ பாட்டில் கீத் ரிச்சர்ட்ஸின் கிதார் எழுப்பிய அந்தக் கரகரப்பான நாதத்துக்குப் பழைய மேஸ்ட்ரோ பெடல்தான் வேண்டுமா, புதியது போதாதா?

பதில்: டிரம்பெட் முதலிய பித்தளை வாத்தியங்கள் பிற்பாடு வந்து வாசிக்கட்டும் என்றெண்ணி, அவற்றின் பிரதிநிதியாக ரிச்சர்ட்ஸ் தற்காலிகமாகப் பதிவு செய்த நாதத்தை, அவருடைய அபிப்பிராயத்துக்கு விரோதமாகவே சகாக்கள் வெளியிட்டுவிட, ரசிக சிகாமணிகள் இன்றளவும் அந்தப் பதிலாளையே மூலவராகப் பாவித்து ஆராதித்து வருகிறார்கள். மூன்று ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களும் 3 வோல்ட் மின்சாரமுமே மேஸ்ட்ரோவின் சகல ஐசுவரியமாதலால், 9 வோல்ட் சிலிக்கான் பெடலில் அந்த வறண்ட ரீங்காரம் சித்திப்பது துர்லபம். ஆயினும் ஜெர்மானியமோ உஷ்ணத்துக்குத் தக்கபடி குணம் மாறும் வஸ்து. காலையில் பாடியது பகலில் இருமும். விலை கூடிய பழைய பெடலும் இந்தக் குணத்துக்கு விலக்கல்ல. ஆகவே, ஜெர்மானியம் வைத்த புதிய பிரதியே உசிதம். மிச்சப்படும் பணத்தில் ஒரு டிரம்பெட் வாங்கினால், ரிச்சர்ட்ஸின் அபிலாஷையும் பூர்த்தியாகும்.