சூடு விற்கும் மலை

சீசன் முடிந்த பிறகு ஊர் சுற்றப் போவது ஒரு சிக்கனச் சித்தாந்தம். திருநெல்வேலி மாவட்டத்தில் அதன் முழுநேர ஊழியன் என் மச்சினன். கூட்டம் இருக்காது, வாடகை பாதி, போன இடத்தில் மரியாதை இரட்டிப்பு என்பது அவன் கணக்கு. குற்றாலத்தில் சாரலும் நின்று அருவியும் நின்ற பிறகு லாட்ஜ் எடுத்துத் தங்கி, "பாத்தீங்களாத்தான், பாதி வாடகை மிச்சம்" என்று வெறும் பாறையைக் காட்டிப் பெருமைப்பட்டவன். தண்ணீரே இல்லையே என்றால், "கூட்டமும் இல்லேல்லா?" என்பான்.

அப்படிப்பட்டவன், எவரெஸ்ட் பக்கம் ஜனவரியில் போகலாம் என்று சொன்னதில் வியப்பில்லை. "போயிட்டு நிதானமா வாங்க" என்று என் மனைவி உடனே அனுமதி தந்ததுதான் வியப்பு.

எவரெஸ்ட் இருக்கும் நேபாளத்தின் கும்பு பகுதிக்கு உலகம் இரண்டு பருவங்களில் வருகிறது. மார்ச் முதல் மே வரை ஒன்று. மழை ஓய்ந்த பின் அக்டோபரும் நவம்பரும் இன்னொன்று. அந்த மாதங்களில் அறை கிடைக்காதவர்கள் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்து பெஞ்சில் படுப்பார்கள். டிசம்பர் கடைசியில் பாதை காலியாகிவிடும். காரணம், குளிர். இந்தக் காரணத்தை மச்சினன் ஒரு வதந்தியாகவே கருதினான். "ஸ்வெட்டருக்கு மேல ஸ்வெட்டர் போட்டா தீந்துது" என்றான்.

முதல் வெற்றி காத்மாண்டுவிலேயே கிடைத்தது. சீசனில் அங்கே விமான நெரிசல் அதிகம் என்பதால் கும்புவுக்கு வாசலான லுக்லாவுக்குப் போகும் விமானங்களை ராமேச்சாப்புக்கு மாற்றிவிடுகிறார்கள். நள்ளிரவில் எழுந்து, மணிக்கணக்கில் மலைச்சாலையில் குலுங்கிப் போய்த்தான் விமானம் ஏற வேண்டும். குளிர்காலத்தில் காத்மாண்டுவிலிருந்தே நேராகப் பறக்கலாம். "பாத்தீங்களா?" என்றான். பார்க்க எதுவும் இல்லை. காத்மாண்டு பள்ளத்தாக்கைக் குளிர்காலக் காலைகளில் மூடும் பனிமூட்டம் ஓடுபாதையை மறைத்திருந்தது. லுக்லாவில் நல்ல வெயில், தாராளமாக இறங்கலாம், இங்கிருந்து கிளம்பத்தான் முடியாது என்றார்கள். நேரமானால் அங்கே காற்று எழும்பிவிடும். இங்கே பனி விலகுவதற்கும் அங்கே காற்று எழும்புவதற்கும் நடுவில் உள்ள சந்துக்குள் விமானம் நுழைந்துவிட வேண்டும்.

நுழைந்தது. 2,845 மீட்டர் உயரத்தில் இருக்கும் லுக்லா ஓடுபாதையின் நீளம் 527 மீட்டர்தான். அதுவும் சமதரை இல்லை. ஏறக்குறைய 12 சதவீதச் சரிவு. இறங்குகிற விமானம் மேட்டில் ஏறி வேகம் குறைய வேண்டும். கிளம்புகிற விமானம் சரிவில் ஓடி வேகம் பிடிக்க வேண்டும். பாதையின் ஒரு முனையில் மலைச்சுவர், மறு முனையில் பள்ளத்தாக்கு. மச்சினன் கண்ணை மூடிக்கொண்டு நெல்லையப்பரிடம் பேசிக்கொண்டிருந்தான். ஆள் குறைவு என்பதால் காலி இருக்கைகளில் சரக்கு ஏற்றியிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் ஓர் அரிசி மூட்டை. விமானத்தில் பதற்றப்படாத ஒரே பயணி அதுதான்.

சாகர்மாதா தேசியப் பூங்கா வாசலில் இரண்டாவது வெற்றி. மற்ற வெளிநாட்டவருக்கு 3,000 நேபாள ரூபாய் கட்டணம் என்றால் சார்க் நாட்டாருக்கு 1,500. "தெற்காசியாவுல பொறந்ததுக்கு இதுவரைக்கும் கெடச்ச ஒரே தள்ளுபடி" என்று ரசீதை மடித்துச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினான். இது எல்லாப் பருவத்திலும் உண்டு என்பதை நான் சொல்லவில்லை. மலையேறும்போது பேச்சைக் குறைக்க வேண்டும் என்பது மருத்துவ ஆலோசனை.

தொங்குபாலங்களையும், பாலங்களில் நமக்கு வழிவிடாத மாடுகளையும் கடந்து 3,440 மீட்டரில் உள்ள நாம்சே பஜாருக்குப் போய்ச் சேர்ந்தோம். குதிரை லாட வடிவில் மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறி நிற்கிற ஊர். சீசனில் நிற்க இடமிருக்காதாம். இப்போது கடைக்குக் கடை பூட்டு. திறந்திருந்த விடுதி ஒன்றில் ஒரு மூத்த ஷெர்பா அம்மாள் இருந்தார். எல்லாரும் 'தீதி' என்று அழைக்க, நாங்களும் அப்படியே அழைத்தோம். மச்சினன் தனக்குத் தெரிந்த இந்தியில் பேரம் பேசினான். அவர் அதை நேபாளியில் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் பதில் சொன்னார்.

அறை 500 நேபாள ரூபாய். ஓர் இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்பது பல ஆண்டுகளாக மாறாத விகிதம். மச்சினன் கைப்பேசியில் வகுத்து, 312 ரூபாய் 50 காசு என்று கண்டுபிடித்து, 250-இல் முடிப்பதற்கான வாதங்களை அடுக்கத் தொடங்கினான். தீதி பாதியிலேயே நிறுத்தி, "இரவும் காலையும் இங்கேயே சாப்பிடுங்கள், அறை சும்மா" என்றார். அவன் முகம் வாடிவிட்டது. இலவசத்தில் பேரம் பேச முடியாது.

அறை ஏன் இலவசம் என்பது உள்ளே போனதும் விளங்கியது. இரண்டு கட்டில், ஒட்டுப்பலகைச் சுவர், ஜன்னல் கண்ணாடியில் உட்புறமாகப் படிந்த உறைபனி. வெளியே இருந்த குளிரை எந்தக் கழிவும் இல்லாமல் அப்படியே உள்ளே வைத்திருந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடிவந்து விலைப்பட்டியலைப் புரட்டினோம். பீட்சா, ஸ்பகெட்டி, ஆப்பிள் பை என்று அது ஒரு சிறு நாவல் அளவுக்கு இருந்தது. மச்சினன் ஒவ்வொன்றாகக் கேட்டான். பீட்சா? சமையல்காரர் காத்மாண்டு போய்விட்டார். ஆப்பிள் பை? அதைச் செய்கிற மருமகளும் காத்மாண்டு. முதலாளி? அவர் காத்மாண்டுவையும் தாண்டி புத்தகயா. குளிர்காலத்தில் ஷெர்பாக் குடும்பங்களில் பலர் கீழே இறங்கிவிடுவார்கள். சிலர் புத்தகயாவுக்கு யாத்திரை போவார்கள். நாம் காசு கொடுத்து அவர்கள் ஊர்க் குளிருக்குப் போகும்போது, அவர்கள் புத்தரைக் கும்பிட்டுக்கொண்டு நம் நாட்டு வெயிலில் காய்கிறார்கள். இந்த இரு தரப்பில் ஞானம் பெற்றவர் யார் என்பதைச் சொல்ல போதிமரம் தேவையில்லை.

கடைசியில் கிடைத்தது தால் பாத். சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, கொஞ்சம் கீரை. எத்தனை முறை கேட்டாலும் மறுசோறு உண்டு. கொள்கையளவில் மச்சினனுக்குப் பிடித்த உணவு.

அந்தப் பட்டியலின் கடைசிப் பக்கத்தில்தான் மலையின் பொருளாதாரம் இருந்தது. பெரிய பிளாஸ்க் வெந்நீருக்கு விலை. குளிக்க வெந்நீருக்குத் தனி விலை. கைப்பேசி சார்ஜ் செய்ய மணிக்கு இவ்வளவு. ஒரு பிளாஸ்க் வெந்நீர் அறை வாடகையைத் தாண்டியிருந்தது. குளிர்காலத்தில் இந்த மலையில் விற்கப்படும் உண்மையான சரக்கு ஒன்றே ஒன்று: சூடு. அறை, சாப்பாடு, காட்சி எல்லாம் கொசுறு.

சூட்டுக்கு ஆஃப் சீசன் கிடையாது. லுக்லாவுக்கு மேலே வண்டிச்சாலை இல்லை. எரிவாயு சிலிண்டரானாலும் மண்ணெண்ணெயானாலும் பெரும்பாலும் ஆள் முதுகிலோ விலங்கு முதுகிலோதான் ஏற வேண்டும். 1976-இல் இப்பகுதி தேசியப் பூங்காவானதிலிருந்து மரம் வெட்டக் கட்டுப்பாடு. ஏற ஏற எல்லா விலையும் கூடவே ஏறும். சீசனில் நாற்பது பேர் சுற்றி உட்காரும் கணப்பை இப்போது இருவருக்காக மூட்ட வேண்டும். கூட்டம் என்று நாம் அலுத்துக்கொள்வதில் பாதி, அடுப்புச் செலவைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு என்பது ஆளில்லாத கூடத்தில் உட்கார்ந்தால்தான் உறைக்கும். உறைக்கும் என்பதை இரண்டு பொருளிலும் எடுத்துக்கொள்ளலாம்.

தாமிரபரணிக்காரன் குளிக்காமல் சாப்பிடமாட்டான். இந்த விரதம் நாம்சேயில் முடிவுக்கு வந்தது. குழாய் உறைந்திருந்தது. வாளியில் வெந்நீர் தருகிறேன், காசு தனி என்றார் தீதி. மச்சினன் விலையைக் கேட்டான், வெளியே பார்த்தான், "ஆத்மா சுத்தமா இருந்தா போதும்லாத்தான்" என்று சாப்பிட உட்கார்ந்தான். கழிப்பறையில் ஒரு பீப்பாயில் தண்ணீர் இருந்தது. அதன்மேல் ஐஸ் மூடி. முதலில் போகிறவர் குவளையால் உடைக்க வேண்டும். சீசனில் அந்த வேலையை யாராவது முந்திக்கொண்டு செய்துவிடுவார்கள். இப்போது எங்கள் இருவரில் முதலில் யார் போவது என்று விடிகிற வரை ஒரு மௌனப் போட்டி நடந்தது. உறவுமுறையில் நான் மூத்தவன் என்பது அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவனுக்கு நினைவுக்கு வந்தது. "நீங்க மொதல்ல" என்றான்.

அடுத்த தங்கல் 3,867 மீட்டரில் டெங்போச்சே. அங்கே விடுதிப் பொறுப்பாளரிடம் மச்சினன், "அறைக்கு ஒரு மின்சார ஹீட்டர் வைத்தால் என்ன?" என்று யோசனை சொன்னான். அவர் எதிரே இருந்த மடாலயத்தைக் கையால் காட்டினார். 1934 ஜனவரி நிலநடுக்கத்தில் இடிந்து, மறுபடி எழும்பி, 1989 ஜனவரியில் மின்கோளாறால் பிடித்த தீயில் எரிந்து, திரும்பவும் கட்டப்பட்ட மடம் அது. மின்சாரம் வந்து அப்போது அதிக காலம்கூட ஆகியிருக்கவில்லை. மச்சினன் வாயை மூடிக்கொண்டான். ஜனவரி மாதமும் அதுவுமாக யோசனை சொல்வது அவனுக்கே சரியாகப் படவில்லை.

டிங்போச்சேயில் கணப்புக்கு விறகே இல்லை. 4,410 மீட்டரில் மரம் ஏது? யாக் சாணத்தை வறட்டி தட்டி, வெயிலில் காயவைத்து, அடுக்கி வைத்திருக்கிறார்கள். மாலையில் கூடத்து நடுவே இரும்பு அடுப்பில் போடுவார்கள். சாப்பாடு முடிந்து சிறிது நேரத்தில் அடுப்பு அணைந்துவிடும்; அதற்குள் தூக்கம் வந்தாக வேண்டும். "ஊர்ல ஆச்சி வறட்டி தட்டும்போது மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுவேன். இங்க காசு குடுத்து மோந்துக்கிட்டிருக்கேன்" என்று மச்சினன் நாற்காலியை அடுப்புக்கு இன்னும் அருகில் இழுத்தான். கொதிக்கக் கொதிக்க டீ வேண்டும் என்று கேட்டான். வந்தது, கொதிக்கக் கொதிக்கத்தான். ஆனால் அந்த உயரத்தில் தண்ணீர் 85 டிகிரிச் சுமாருக்கே கொதித்துவிடும். சூட்டில் 15 டிகிரி குறைகிறது, விலையில் குறைக்கக் கூடாதா என்று அவன் கேட்டதை அங்கே யாரும் மொழிபெயர்க்க நான் அனுமதிக்கவில்லை.

இரவில் தூங்குபைக்குள் கைப்பேசி, கேமரா பேட்டரி, தண்ணீர் பாட்டில், நாளைய காலுறை எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே விட்டால் பேட்டரி இறங்கிவிடும், தண்ணீர் உறைந்துவிடும். எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கிய பிறகு மிச்சமிருக்கும் மூலையில் மனிதர் தூங்கலாம்.

குளிர்காலத்தில் இங்கே வருவது பித்து என்றால், பித்தர்களுக்கு ஒரு பரம்பரை உண்டு. 8,000 மீட்டருக்கு மேற்பட்ட 14 சிகரங்களிலும் 1964-க்குள் மனிதர் ஏறிவிட்டார்கள். முதல் ஆளாக ஏற சிகரம் பாக்கியில்லை. பருவம்தான் பாக்கி இருந்தது. போலந்துக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். 1980 பிப்ரவரி 17-இல் லெஷெக் சிஹியும் கிஷிஷ்டோஃப் வியலிட்ஸ்கியும் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். 8,000 மீட்டர்ச் சிகரம் ஒன்றில் குளிர்காலத்தில் மனிதர் கால் பட்டது அதுவே முதல் முறை. இந்த வரலாற்றை உணர்ச்சியோடு சொல்லி முடித்தேன். மச்சினன் கேட்டது ஒன்றுதான்: "சீசன் இல்லாததுனால பர்மிட்ல ஏதும் கொறச்சாங்களாமா?"

டிங்போச்சேயோடு திரும்பினோம். மேலே விடுதிகள் பல மூடியிருக்கின்றன என்று இறங்கி வந்த சுமைக்காரர்கள் சொன்னார்கள். வெந்நீர் விலை மேலே போகப் போக ஏறுகிறது என்பது மச்சினன் சொன்ன காரணம்.

இனி நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். டெங்போச்சே முற்றத்தில் காலையில் நின்றபோது வானத்தில் மேகம் ஒரு துண்டுகூட இல்லை. மழைக்காலத்தில் கொட்டித் தீர்த்துவிடும் மலை அது. ஜனவரிக் காற்று உலர்ந்து தெளிந்திருக்கும். எதிரே ஆமா தப்லாம் சிகரம். நுப்ட்சே, லோட்சே சுவருக்குப் பின்னால் எவரெஸ்ட். உச்சியிலிருந்து பனிப்புழுதி நீளமாகப் பறந்துகொண்டிருந்தது. குளிர்காலத்தில் ஜெட் காற்றோட்டம் அங்கே மணிக்கு 160 கிலோமீட்டரையும் தாண்டி வீசும். அத்தனை பெரிய காட்சிக்குப் பார்வையாளர் நாங்கள் இருவர்தான். எங்கள் இருவரையும் சேர்த்துப் படமெடுக்க ஆள் இல்லாததால், ஊருக்குக் கொண்டுவந்த படங்களில் நாங்கள் சேர்ந்து போனதற்கு ஆதாரமே இல்லை.

ஆகவே, போக நினைப்பவர்கள் தாராளமாக ஜனவரியில் போங்கள். மைனஸ் 20 டிகிரி தாங்கும் தூங்குபையை காத்மாண்டுவில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். விமானம் தாமதமாகும் என்று கணக்கிட்டுக் கூடுதலாகச் சில நாள் விடுப்பு கேளுங்கள். எந்த விடுதி திறந்திருக்கிறது என்று கீழே இறங்கி வருகிறவர்களிடம் விசாரித்துவிட்டு ஏறுங்கள். அறைக்குப் பேரம் பேசலாம், தவறில்லை. வெந்நீருக்கு மட்டும் பேசாதீர்கள். அந்தச் சூட்டைச் சுமந்து வந்த முதுகுக்கு எந்த மாதத்திலும் தள்ளுபடி கிடையாது.