வாசிக்காத வித்வான்

வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் ஏதாவது அடுக்குமாடி வீட்டில் கட்டிலுக்கு அடியில் நீளமாக ஒரு கறுப்புப் பை கிடந்தால், உள்ளே இருப்பது ஃப்ரெட்லெஸ் பேஸ் கிட்டார் என்றும், மேலே படுத்திருப்பவர் அதை விற்கப்போகிறவர் என்றும் துணிந்து சொல்லிவிடலாம். நாற்பதைத் தாண்டியவர். சாஃப்ட்வேர் கம்பெனி மேனேஜர். பை வருஷத்துக்கு இரண்டு முறை வெளியே வரும்: ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு வைக்க, போகிக்கு ஒட்டடை அடிக்க.

சாதாரண பேஸ் கிட்டாரின் கழுத்தில் குறுக்கே உலோக ஃப்ரெட்டுகள் உண்டு. வீணைக்கு மெட்டு மாதிரி. இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் எங்கே அமுக்கினாலும் ஸ்வரம் தப்பாது. ஃப்ரெட்லெஸ்ஸில் வெறும் மரம்தான். காதும் விரலும் விட்ட வழி. தந்தியின் நடுவில் நாலு மில்லிமீட்டர் தள்ளி அமுக்கினால், கூட வாசிக்கிறவர் திரும்பிப் பார்ப்பார். பயந்தவர்களுக்காக ஃப்ரெட் இருக்கவேண்டிய இடத்தில் கோடு மட்டும் போட்டும் செய்கிறார்கள். நம்மவர் கோடு போட்டதைத் தொடுவாரா? வழவழவென்று கோடில்லாததையே வாங்கினார். ஆபீஸ் ஆண்டு விழாவில் வாசித்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

விற்கிற முடிவு அவருடையதல்ல. "அதை எடுத்தீங்கன்னா அந்த இடத்துல அரிசி மூட்டையை வைக்கலாம்" என்று வீட்டம்மா சொல்லிவிட்டார். விளம்பரத்தில் 'அதிகம் வாசிக்காதது' என்று எழுதினார்; சத்தியமான வார்த்தை. 'இடமின்மையால் விற்கிறேன்' என்றும் எழுதினார். அதுவும் ஒரு விதத்தில் சரிதான்.

முதலில் கூப்பிட்டவர், "சார், இது கீர்த்தனைக்கு ஒத்து வருமா?" என்று கேட்டார். நிராகரிப்பு. அடுத்தவர் நேரில் பார்க்காமலேயே சொன்ன விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அவரும் நிராகரிப்பு. "பேரம்கூட பேசலைங்க. அருமை தெரியாதவன் கையில கொடுக்க முடியுமா?" வீட்டம்மா பதில் சொல்லவில்லை. சமையலறையில் பாத்திரம் ஒன்று சொன்னது.

மூன்றாமவர் எடுத்த எடுப்பில், "ரவுண்ட்வவுண்ட் போட்டீங்களா சார், ஃப்ளாட்வவுண்டா?" என்றார். ரவுண்ட்வவுண்ட் தந்தி சொரசொரப்பானது. நாளடைவில் மரத்தை அரம்போல் ராவிவிடும். தட்டையான தந்தி அப்படிச் செய்யாது. நம்மவருக்குக் குரல் தழுதழுத்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை காலையில வாங்க தம்பி. டிபன் இங்கதான்."

வந்தவர் பேஸைச் சாய்த்து ட்யூப்லைட் வெளிச்சத்தில் கழுத்தைப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. "தந்தித் தடமே விழலையே சார்!"

"பத்திரமா வெச்சிருந்தேன்."

பிறகு பேச்சு ஜாக்கோ பாஸ்டோரியஸுக்குத் தாவியது. இந்த வகையறா இருவர் கூடினால் அந்தப் பெயர் வராமல் இட்லி இறங்காது. 1962 மாடல் ஃபெண்டர் ஜாஸ் பேஸில் ஃப்ரெட் இருந்த பள்ளங்களை அடைத்து, படகுக்குப் பூசும் எபாக்ஸியைப் பூசி, 1976-இல் தன் பெயரிலேயே ஆல்பம் போட்டு, உலகத்துப் பேஸ்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்த மனிதர். அந்த பேஸ் 1986-இல் நியூயார்க்கில் களவுபோன கட்டம் வந்ததும் இருவரும் மௌனமாகிவிட்டார்கள். தொலைந்தது வீட்டுச் சொத்து என்று நினைத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார். அப்புறம் இளையராஜாவுக்கு வாசித்த சசிதரன், ரஹ்மானுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸ் என்று உள்ளூருக்கு இறங்கி வருவதற்குள் இரண்டாம் காபி.

ஒருவழியாக வாசிப்புக்கு வந்தார்கள். நம்மவர் விரலைத் தந்தியில் வைத்து மேலே வழுக்கினார். 'ம்வ்வா...' என்று ஃப்ரெட்லெஸ்ஸுக்கே உரிய அந்த முனகல் வந்தது. அத்தோடு நிறுத்தி, அடக்கமாகப் புன்னகைத்து, வந்தவரிடம் நீட்டினார். அவரும் அதே இடத்தில் விரல் வைத்து, அதே மாதிரி வழுக்கி, அதே 'ம்வ்வா'வோடு நிறுத்தி, அதே அடக்கத்தோடு புன்னகைத்தார். இனம் இனத்தை அறிந்துகொண்டது.

விலை பேச இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. வந்தவர் வாயைத் திறக்கும் முன்பே நம்மவர் ஐயாயிரத்தைக் குறைத்தார். ஸ்ட்ராப் இலவசம், கேபிள் இலவசம், பைக்குள் ஈரம் உறிஞ்சப் போட்ட சிலிக்கா ஜெல் பொட்டலமும் இலவசம். நிபந்தனைகள் மட்டும் கறார்: ரவுண்ட்வவுண்ட் கூடவே கூடாது, வெயிலில் காருக்குள் வைக்கக் கூடாது, எப்போதாவது விற்பதாக இருந்தால் முதலில் அவருக்குத்தான் சொல்ல வேண்டும்.

"கண்டிப்பா சார்" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டவர் வாசலில் தயங்கினார். "சொல்ல மறந்துட்டேன். என்கிட்ட அஞ்சு தந்தி ஃப்ரெட்லெஸ் ஒண்ணு சும்மாவே கிடக்கு. வீட்டுல ஒரே சத்தம். உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது..."

நம்மவர் சமையலறைப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"கோடு போட்டதா, போடாததா?"