பெட்டி லட்சணம்

பெட்டிகளைத் திறப்பதற்காகச் செய்யப்பட்டவை, திறவாதிருப்பதற்காகச் செய்யப்பட்டவை என்று இரு வர்க்கமாகப் பிரிக்கலாம். முன்னதற்கு உத்தமமான உதாரணம், தீபாவளிக்கு முன் சிவகாசியிலிருந்து லாரி லாரியாகப் புறப்படும் பட்டாசு கிஃப்ட் பாக்ஸ். பின்னதற்கு உதாரணம், பழைய ஜாஸ் வித்வான்களும் பாடகிகளும் பதிவுசெய்து வைத்தவற்றையெல்லாம் ஒன்றுவிடாமல் திரட்டி, கெட்டி அட்டைக்குள் அடைத்து, கண்ணாடித்தாள் சுற்றி விற்கப்படும் இசைத்தட்டுத் தொகுதி. இவ்விரண்டுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்று பாமரர் எண்ணக்கூடும். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளே என்று நிறுவுவதுதான் இவ்வாராய்ச்சியின் நோக்கம்.

முதற் பிரமாணம் ஸ்தலம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல், பின்னாளில் பட்டாசாகவும் கிளைத்த தீப்பெட்டித் தொழிலைக் கற்கச் சிவகாசியை விட்டுக் கல்கத்தாவுக்குப் போனதையும், வானம் பொய்த்த கரிசல் பூமிக்கு அந்த யாத்திரை பிழைப்பைக் கொண்டுவந்ததையும் நம் பக்கத்துப் பிள்ளைகள் பாடமாகவே அறிவர். அதே கல்கத்தாவின் சியால்தாவில் 1908 முதல் கிராமபோன் தட்டு அழுத்தும் ஆலை ஓடிக்கொண்டிருந்தது என்பதைத்தான் யாரும் இதனோடு சேர்த்து யோசிப்பதில்லை.

இரண்டாவது பிரமாணம் திரவியம். இது இன்னும் வலுவானது. 78 சுழற்சித் தட்டுக்கு ஆதாரமான வஸ்து அரக்கு. சோட்டா நாகபுரிக் காடுகளில் புரசு, இலந்தை முதலான மரங்களின் கிளைகளை ஒரு சிறு பூச்சி அப்பிக்கொண்டு கசியவிட்ட பிசின்தான், கடல் கடந்து போய், 1925-இல் சிக்காகோவில் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் தம் ஹாட் ஃபைவ் குழுவோடு ஊதிய கார்னெட்டைத் தன் கருப்பு வரிகளில் வாங்கிவைத்துக்கொண்டது. அதே அரக்கு வாண வேடிக்கைக்காரரின் நிறத்தீக் கலவைகளில் எரிபொருளாகவும் பிடிப்பாகவும் இருந்துவந்திருக்கிறது. யுத்த காலத்தில், 1942-இல், அமெரிக்க அரசாங்கம் அரக்குக்குக் கட்டுப்பாடு விதிக்க, பழைய தட்டைக் கொடுத்தால்தான் புதுத்தட்டு என்று அங்குள்ள கடைக்காரர்கள் கறாராக நின்றார்கள். அதே 1942-இல்தான் சிவகாசியில் ஸ்டாண்டர்டு ஃபயர் ஒர்க்ஸ் பிறந்தது. ஆராய்ச்சியாளனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இனி பெட்டியின் உற்பத்தி. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிஷந்தான் பாடும். செங்கோட்டைக் கிட்டப்பா, 27 வயதுக்குள் வாழ்ந்து முடித்துவிட்ட அந்த மகாகலைஞர், மேடையில் விடிய விடியப் பாடியதையெல்லாம் இந்த மூன்று நிமிஷச் சிறைக்குள் மடக்கியே நமக்குத் தந்துபோனார். ஒரு தட்டு போதாத நாடகங்களைப் பல தட்டுகளில் பிரித்துப் பதிந்து 'செட்' என்று விற்றார்கள். நம் நாட்டுப் பெட்டித்தொகுதிக்கு அதுவே ஆதிபுருஷன். 1948-இல் நெடுநேரத்தட்டு வந்தபின் பெட்டிக்கு யௌவனம் பிறந்தது. ஜாஸ் பாடகி எலா ஃபிட்ஸ்ஜெரால்டு கெர்ஷ்வின் சகோதரர்களின் பாடல்களை 1959-இல் ஐந்து தட்டுகளாகத் தந்தார். இரு தசாப்தங்கள் கழித்து எம். எஸ். சுப்புலட்சுமி திருப்பதி தேவஸ்தானத்துக்காகப் பாடிய பாலாஜி பஞ்சரத்னமாலையும் ஐந்து தட்டுகளாகவே வந்தது. ஆயினும் ஒரு பேதம்: பஞ்சரத்னமாலையை வாங்கியவர்கள் விடியற்காலையில் அதைச் சுழலவிட்டுத் தெருவையே எழுப்பினார்கள். அதைத் திறவாத பெட்டி என்று சொல்ல எனக்கு நா எழாது.

திறவாத பெட்டிக்கு விருதுநகர் போக வேண்டும். தெப்பக்குளத்தை அடுத்த தெருவில் பருப்புக் கமிஷன் மண்டி வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், துவரை உளுந்தின் விலையேற்ற இறக்கத்தில் சம்பாதித்ததில் ஒரு பங்கை அமெரிக்க ஜாஸ் பெட்டிகளில் முடக்கியிருக்கிறார். 1983 முதல் தொகுதிகளை வெளியிட்டுவரும் மொசைக் கம்பெனி, இத்தனை பிரதிதான் என்று வரையறுத்து ஒவ்வொன்றிலும் எண் இட்டு அனுப்பியவை அவரிடம் உண்டு. எலாவின் 'பாட்டுப் புத்தக' வரிசைத் தட்டுகள் அனைத்தும் அடங்கிய, 1993-இல் வந்த பதினாறு குறுந்தட்டுப் பெட்டியும் உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் அவற்றை இறக்கி, வேட்டி முனையால் துடைத்து, எண் வரிசை பிசகாமல் மறுபடி ஏற்றுவார். மதினி அந்த அறைக்குப் பெருக்குமாற்றோடு வர அனுமதியில்லை.

சிவகாசியில் அச்சாபீஸ் நடத்தும் நண்பர் ஒருவர் அங்கு வந்தபோது நானும் இருந்தேன். எலாவின் பெட்டியைக் கையில் வாங்கியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, விளிம்பைக் கட்டைவிரல் நகத்தால் நீவினார்.

"கிரே போர்டு மேல ஆர்ட் பேப்பர் சுத்தியிருக்கான். மூலை மடிப்பைப் பாருங்க அண்ணாச்சி, ஒரு சுருக்கம் கிடையாது. நம்ம பயலுக செஞ்சா இந்த இடத்துல பசை பிதுங்கியிருக்கும்."

"பாட்டு எப்படின்னு ஒரு வார்த்தை கேக்கலியே நீங்க?"

"நீங்க கேட்டீகளா?"

அண்ணாச்சி பெட்டியைத் திரும்ப வாங்கி, விரல் பட்ட இடத்தைத் துடைத்தார்.

அவரை நகைப்பது அறியாமை. பதினாறு தட்டையும் கேட்டுத் தீர்க்க மண்டியைப் பூட்ட வேண்டும். போதாக்குறைக்கு, 'பூரணத் தொகுதி' என்று பெயர் சூடிய பெட்டிகளில் தவறிப்போன பதிவுகளும், ஒரே பாட்டை அடுத்தடுத்து வாசித்துப் பார்த்த மாற்றுப் பதிவுகளும் அடைத்திருக்கும். சிவகாசிக்காரருக்கு இந்த நியாயம் எளிதில் விளங்கும். இருபத்தோரு ஐட்டம், இருபத்தைந்து ஐட்டம் என்று எண்ணிக்கையால் விலைபோகும் கிஃப்ட் பாக்ஸில் லட்சுமி வெடிக்கும் புஸ்வாணத்துக்கும் சங்கு சக்கரத்துக்கும் நடுவே பாம்பு மாத்திரை ஒன்று கிடக்கும். அதை வேண்டிக் கேட்டவர் எவருமிலர், ஆனால் அது இல்லாவிட்டால் எண்ணிக்கை குறையும். மாற்றுப் பதிவு ஜாஸின் பாம்பு மாத்திரை என்று துணிந்து சொல்லலாம்.

பாட்டெல்லாம் கைப்பேசியில் கிடைக்கும்போது பெட்டி எதற்கு என்பது பூர்வபட்சம். உதிரியாக வாங்கினால் வேண்டிய வெடி மட்டும் வாங்கலாமே, பின் ஏன் ஜனங்கள் வருஷமெல்லாம் பட்டாசுச் சீட்டுக் கட்டிப் பெட்டி வாங்குகிறார்கள் என்பதே அதற்குச் சமாதானம். பெட்டி கொடுப்பதற்குரியது, வெறுங்கையோடு சம்பந்தி வீட்டுப் படியேற முடியாது. இதைப் பரீட்சித்துப் பார்க்கும் சந்தர்ப்பமும் வாய்த்தது. மகளின் தலைதீபாவளிக்கு அண்ணாச்சி மாப்பிள்ளைக்குப் பட்டாசுப் பெட்டி ஒன்றும், தம்மிடம் இரட்டையாக வந்துவிட்ட ஜாஸ் பெட்டி ஒன்றும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார். தமிழ்நாட்டில் வெடிக்க அனுமதித்த காலை ஆறு முதல் ஏழு, இரவு ஏழு முதல் எட்டு என்னும் இரண்டு மணிக்குள் முதற்பெட்டி பாம்பு மாத்திரை உட்படக் காலியாயிற்று. மற்றது இன்றும் கண்ணாடித்தாள் கிழியாமல் அலமாரியில் இருப்பதாக மகள் சொல்லக் கேட்டு, மாப்பிள்ளை விஷயம் தெரிந்தவர்தான் என்று அண்ணாச்சிக்குப் பரம திருப்தி.