இடிக்கு அஞ்சாத நூல்

கேள்வி: பேத்துப்பாறையில் எங்கள் வீட்டிலிருந்து தோட்டத்து ஷெட் 300 மீட்டர் தள்ளி இருக்கிறது. நெட்டுக்காக இழுத்த செம்புக் கேபிள் எப்போதும் இழுபறி; இடி இடித்தால் செத்தே போகிறது. ஃபைபர் தாங்குமா? (வாசகர், பேத்துப்பாறை)

பதில்: தாராளமாகத் தாங்கும். செம்பு ஈதர்நெட்டுக்கு 100 மீட்டர்தான் எல்லை. மூன்று மடங்கு ஓடவிட்டால் மூச்சு வாங்காமல் என்ன செய்யும்? கண்ணாடி இழைக்கு மின்சாரம் என்றால் என்னவென்றே தெரியாது. அதில் போவது வெறும் ஒளி. 1998இல் வந்த ஐ.ட்ரிபிள்.ஈ 802.3இசட் தரப்படி, 9 மைக்ரான் உள்ளகம் கொண்ட சிங்கிள் மோடு இழை 1 ஜிகாபிட் வேகத்தை 5 கிலோமீட்டர் வரை சுமக்கும். உங்கள் தலைமுடி அந்த உள்ளகத்தைவிடப் பல மடங்கு தடிமன்!

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். எலி கடிக்காது என்று எஃகுக் கவசக் கேபிளைத் தருவார்கள். அந்த எஃகே மின்னலை வீட்டுக்குள் அழைத்துவந்துவிடும். உலோகமே இல்லாததாகக் கேட்டு வாங்கி, குழாய்க்குள் விட்டு, காட்டுப்பன்றி கிளறாத ஆழத்தில் புதையுங்கள். இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் போதும். இணைப்பு ஓடும்போது இழையின் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்காதீர்கள்; அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர்.