முத்திரை போட மறந்துட்டீங்க சார்

விமான நிலையங்களைப் பற்றி எனக்கு இருந்த புகார்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டே வருகின்றன. இதில் நஷ்டம் எனக்குத்தான். முன்பெல்லாம் நான் எதையாவது சொதப்பிவிட்டு ஊர் திரும்பினால், "அங்க வரிசை அநியாய நீளம்ப்பா" என்று ஒரு வரி சொன்னால் போதும். கேட்கிறவர்களும் "அங்க எப்பவுமே அப்படித்தான்" என்று ஒத்து ஊதுவார்கள். இப்போது வரிசை சுருங்கிவிட்டது. முகத்தைப் பார்த்தே கதவு திறக்கிறது. மிச்சமிருக்கிற ஒரே கோளாறு நான்தான் என்பது பின்னால் நிற்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்துபோகிறது.

திண்டுக்கல்லில் விமான நிலையம் கிடையாது. உள்நாட்டுப் பயணத்துக்கு மதுரை, சிங்கப்பூர் மலேசியாவுக்குத் திருச்சி என்று எங்கள் ஊர்க்காரர்கள் பிரித்து வைத்திருக்கிறோம். இரண்டும் இந்தப் பதினைந்து வருடத்தில் அடையாளமே மாறிவிட்டன. மதுரையில் 2010-ல் புது முனையம் வந்தது. 2024 அக்டோபர் 1 முதல் 24 மணி நேரமும் இயங்குவதாக அறிவித்தார்கள். திருச்சியில் 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, கோபுர வண்ணங்களை வாரி இறைத்து ஒரு முனையம் கட்டினார்கள். 2024 ஜனவரி 2-ல் பிரதமர் திறந்துவைத்தார், ஜூன் 11-ல் பயணிகள் நுழைந்தார்கள். நானும் நுழைந்தேன். என் அசட்டுத்தனங்களுக்கு இவ்வளவு நல்ல வெளிச்சம் அதுவரை கிடைத்ததில்லை.

முதலில் முத்திரை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கைப்பையில் ஒரு சீட்டு கட்டியிருப்போம், ஞாபகம் இருக்கிறதா? பாதுகாப்புச் சோதனை முடிந்ததும் அதில் டப்பென்று ஒரு முத்திரை விழும். அது இல்லாமல் விமானத்தில் ஏற முடியாது. மறந்துபோய் வாசல் வரை வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்திலேயே நான் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடப்பேன். மத்திய தொழில் பாதுகாப்புப் படை 2017 ஏப்ரல் 1 முதல் பெங்களூரு, டெல்லி, மும்பை உட்பட ஏழு விமான நிலையங்களில் இந்த முத்திரையை எடுத்துவிட்டது. பிறகு மற்ற ஊர்களிலும் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். பயணிகளுக்கு ஒரு தொல்லை விட்டது. எனக்கு மட்டும் விடவில்லை. சோதனை முடிந்து பையை எடுத்துக்கொண்டு போனவன், பாதி வழியில் திடுக்கிட்டு, வரிசைக்கு எதிராக நடந்து திரும்பி வந்தேன். "சார், முத்திரை போட மறந்துட்டீங்க." காவலர் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். சோதனை முடிந்த பிறகு தானாகவே திரும்பி வருகிற ஆளை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பையை மறுபடி இயந்திரத்தில் விட்டார்கள்.

அடுத்தது டிஜி யாத்ரா. 2022 டிசம்பர் 1-ல் டெல்லி, பெங்களூரு, வாரணாசி ஆகிய மூன்று ஊர்களில் தொடங்கினார்கள். பிறகு சென்னைக்கும் வந்தது. ஆதாரைக் காட்டி, செல்ஃபி எடுத்து, கைப்பேசிச் செயலியில் பதிந்துகொண்டால், நுழைவாயிலில் முகத்தைக் காட்டினாலே போதும். நம் விவரங்கள் நம் கைப்பேசியிலேதான் இருக்குமாம். பயணத்தின்போது விமான நிலையத்துக்குப் போகிற பிரதி, விமானம் புறப்பட்ட 24 மணி நேரத்துக்குள் அழிந்துவிடுமாம். விமான நிலையம் என்னை ஒரே நாளில் மறந்துவிடும் என்பது ஆறுதல்தான். அன்று எனக்குப் பின்னால் நின்றவர்கள் அப்படி மறந்திருக்க மாட்டார்கள்.

பெங்களூரில் இருந்து திரும்புகிற பயணம் அது. அதற்குச் சில நாள் முன்னால்தான் பழனியில் மொட்டை போட்டிருந்தேன். செயலியில் இருப்பதோ முடியும் மீசையுமாக எடுத்த படம். வாயிலில் நின்றேன், கதவு திறக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினேன். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தேன். நெற்றியில் மிச்சமிருந்த சந்தனத்தைத் துடைத்தேன். புகைப்படக்காரருக்கு நிற்பதுபோல லேசாகச் சிரித்தும் பார்த்தேன். பின்னால் நின்ற பையன் ஒருவன், "அங்கிள், போர்டிங் பாஸை ஆப்ல ஷேர் பண்ணீங்களா?" என்று கேட்டான். பண்ணவில்லை. முகத்தைப் பதிந்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். ஒவ்வொரு பயணத்துக்கும் போர்டிங் பாஸை அதில் ஏற்றி அனுப்ப வேண்டும் என்பதைப் படிக்கவே இல்லை.

ஊருக்கு வந்து இதை அப்படியேவா சொல்வேன்? "மொட்டை போட்டா மிஷினுக்கு ஆள் தெரியலப்பா" என்று டீக்கடையில் எடுத்துவிட்டேன். நல்ல வரவேற்பு. எங்கள் தெருக்காரர் ஒருவர் டெல்லி போகிற நாள் வந்ததால் நேர்த்திக்கடனையே தள்ளிப் போட்டுவிட்டார். அவர் இதைப் படிப்பார் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன்: அண்ணே, அந்த இயந்திரம் கண், மூக்கு, தாடை இவற்றின் அளவைத்தான் பார்க்கிறது. முடியைப் பற்றி அதற்குப் பெரிய கவலை இல்லை. தாராளமாகப் போய் மொட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த இயந்திரங்களிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு, அது நியாயமானது என்றே நினைக்கிறேன். பழைய கவுன்டரில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கும். "இதை எங்கம்மா காட்டணும்?" என்று கேட்டால் கையை நீட்டி வழி சொல்லும். எங்கள் பக்கத்தில் வழியே தெரிந்தாலும் நாலு பேரிடம் கேட்டுத்தான் போவோம், அது பழக்கம். இயந்திரத்திடம் அப்படிக் கேட்க முடியவில்லை. அது சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு அடுத்த ஆளுக்குத் தயாராகிவிடுகிறது. எத்தனை இயந்திரம் வேண்டுமானாலும் வைக்கட்டும், பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு ஒரு மனிதரை உட்கார வையுங்கள். என்னைப்போல் இன்னும் நிறையப் பேர் ஊர்களில் இருக்கிறோம்.

இனி பூட்டுக்கு வருவோம். மகளைப் பார்க்கச் சிங்கப்பூர் புறப்பட்டபோது, பெட்டிக்குத் திண்டுக்கல் பூட்டு போடுவதென்று முடிவெடுத்தேன். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு. இந்த ஊரில் பிறந்துவிட்டு வேறு பூட்டைப் போட்டால் என்ன மரியாதை? நாகல் நகரில் பூட்டுப் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் போய் மாங்காய்ப் பூட்டு ஒன்று கேட்டேன். பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஜிப்புக்கு எதுக்குண்ணே மாங்காப் பூட்டு?" என்றார். அந்தக் கேள்வியில் இருந்த ஞானம் எனக்கு அப்போது எட்டவில்லை. பூட்டின் கம்பி ஜிப்பின் துளைக்குள் நுழையவில்லை. அதற்காகத் தனியாக ஓர் இரும்பு வளையம் செய்து மாட்டிக்கொண்டு வந்தேன். மனைவி பார்த்துவிட்டு, "ஏங்க, பெட்டிக்குள்ள இருக்கிற சாமானைவிட இந்தப் பூட்டு கனமா இருக்கு" என்றாள்.

சாவிக் கொத்து பையில் இருந்தால் சோதனையில் ஒலி எழுப்பும் என்று, வாசலிலேயே மச்சினனிடம் அத்தனை சாவியையும் கொடுத்து அனுப்பினேன். பெட்டிச் சாவியும் அதில்தான். கவுன்டரில் இருந்த தம்பி, "பெட்டியில பவர் பேங்க் இருக்கா சார்?" என்று கேட்டான். "இல்லவே இல்லை" என்றேன். பெட்டி பெல்ட்டில் ஏறி உள்ளே போனது.

முன்பு பெட்டியை நாமே வாசலில் இருந்த எக்ஸ்ரேயில் வைத்து, பட்டை போட்டு வாங்கிக்கொண்டு கவுன்டருக்குத் தள்ளிக்கொண்டு போவோம். இப்போது கவுன்டரில் கொடுத்ததும் அது உள்ளேயே போய், நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சோதனையாகிறது. சந்தேகம் இருந்தால்தான் நம்மைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டார்கள். வேட்டி மடிப்புக்குள் இருந்தது பவர் பேங்க். லித்தியம் மின்கலம் சூடாகித் தீப்பிடித்தால் சரக்கு அறையில் பார்த்து அணைக்க ஆளில்லை. அதனால் அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். வேட்டியை மடித்தபோது மட்டும் தெரியவில்லை.

"சாவி?" என்றார்கள். மச்சினனுக்குப் போன் போட்டேன். மணப்பாறையில் முறுக்கு வாங்கிக்கொண்டிருந்தார். பூட்டை உடைக்கலாமா என்று ஒருவர் கேட்க, எனக்குள் இருந்த திண்டுக்கல்காரன் விழித்துக்கொண்டான். "உடைக்கிறது அவ்வளவு சுலபமில்லை சார், இது லீவர் பூட்டு" என்று விளக்கத் தொடங்கினேன். கவுன்டர் தம்பி என் அனுமதியைக் கேட்டுக்கொண்டு, சட்டைப் பையில் இருந்த பால்பாயின்ட் பேனாவை ஜிப்பின் பல்லுக்குள் குத்தி ஓர் இழுப்பு இழுத்தான். பெட்டி வாயைப் பிளந்தது. பவர் பேங்கை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஜிப்பை ஒருமுறை முன்னும் பின்னும் ஓட்டினான், பழையபடி மூடிக்கொண்டது. பூட்டு கடைசிவரை பூட்டியபடியே இருந்தது. அதன் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

பவர் பேங்கோடு பாதுகாப்புச் சோதனைக்குப் போனேன். அங்கே கைப்பையில் பஞ்சாமிர்தம். இதுவும் எங்கள் மாவட்டத்துப் பெருமை, இதற்கும் அதே 2019-ல்தான் புவிசார் குறியீடு. அரைக் கிலோ டப்பா. வெளிநாட்டுப் பயணத்தில் திரவம், கூழ், பசை எதுவாக இருந்தாலும் டப்பா 100 மில்லி லிட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிபொருளை விமானத்தில் கொண்டுபோகும் சதியைக் கண்டுபிடித்தார்கள் அல்லவா, அதற்குப் பிறகு வந்த கட்டுப்பாடு. "சார், லிக்விட்" என்றார் காவலர். "இதுல ஒரு சொட்டுத் தண்ணி சேர்க்கிறதில்லை சார்" என்றேன். உண்மைதான். வாழைப்பழம், வெல்லம், நெய், தேன் எல்லாம் சேர்த்துப் பிசைவதுதான், தண்ணீர் கிடையாது. வடக்கத்திக்காரரான அவருக்குப் பாதி புரிந்தது. ஐயப்ப பக்தர்கள் இருமுடித் தேங்காயைக் கையிலேயே கொண்டுபோக 2024 அக்டோபரில் அனுமதி கொடுத்தீர்களே என்று அடுத்த வாதத்தை எடுத்தேன். அது அந்தப் பருவத்துக்கு மட்டும், 2025 ஜனவரி 20 வரை என்பதை விட்டுவிட்டேன். அவர் டப்பாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டார்.

பிரிட்டனில் எடின்பரோ போன்ற சில விமான நிலையங்களில் புதுவகை ஸ்கேனர் வைத்து, 2025-ல் இருந்து 2 லிட்டர் வரை விடுகிறார்கள். அது திருச்சிக்கு வருகிறவரை பழனி முருகன் டப்பாவில் விமானம் ஏற மாட்டார் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். அப்போதுதான் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "பத்து நிமிஷம் முன்னாடி பெட்டி தொறந்தே கெடந்துச்சு. அப்பவே தூக்கி உள்ள வச்சிருக்கலாம்."

பெட்டி வந்துசேர்வதிலும் வேகம் கூடிவிட்டது. எஞ்சின் நின்ற 10 நிமிடத்தில் முதல் பெட்டியும் 30 நிமிடத்துக்குள் கடைசிப் பெட்டியும் பெல்ட்டுக்கு வர வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விமானப் பாதுகாப்புப் பணியகம் ஏழு விமான நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. பழைய கணக்கில் கழிப்பறை, காபி எல்லாம் முடித்துக்கொண்டு ஒரு நாள் பெல்ட்டுக்கு வந்தேன். பெட்டியைக் காணோம். குரலை உயர்த்தி நாலு பேரைக் கூட்டிய பிறகு பார்த்தால், ஆளில்லாமல் சுற்றிச் சுற்றி வந்த பெட்டியை யாரோ இறக்கி என் முதுகுக்குப் பின்னால்தான் வைத்திருந்தார்கள். மாங்காய்ப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

சென்னை உள்நாட்டு முனையத்தில் 2025 பிப்ரவரியில் உடான் யாத்ரி கஃபே திறந்தார்கள். டீ 10 ரூபாய், காபி 20, சமோசா 20. செய்தி வந்த நாளில் நாளிதழைக் கத்தரித்து வைத்ததும் நான்தான். அந்தப் பக்கம் போன அன்று அதைத் தேடாமல் வேகமாக உள்ளே நுழைந்து, பல மடங்கு விலைக்குக் காபி குடித்ததும் நான்தான்.

ஒன்று மட்டும் என் கணக்கில் சேராது. கட்டடத்துக்குள் எல்லாம் சில நொடிகளில் முடிகிறது. திண்டுக்கல்லில் பஸ் ஏறி, ஆரப்பாளையத்தில் இறங்கி, பெரியார் நிலையம் போய், அங்கிருந்து விமான நிலையம் இருக்கிற பெருங்குடிக்கு டவுன் பஸ் பிடித்தால், உள்ளே மிச்சமாகிற நேரமெல்லாம் மதுரைத் தெருக்களிலேயே போய்விடுகிறது. வாசலுக்கு வெளியே இருக்கிற பயணத்தையும் யாராவது சீர்செய்தால் நல்லது.

2025 செப்டம்பர் 11 முதல் திருச்சியிலும் விரைவுக் குடியேற்ற வாயில் வந்திருக்கிறது. முன்பே விண்ணப்பித்து, கைரேகையும் முகமும் பதிந்துவைத்தால் கடவுச்சீட்டு வரிசையில் நிற்க வேண்டாம். விண்ணப்பிக்க வேண்டும் என்று நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நீங்கள் என்னை முந்திக்கொள்ளுங்கள். போகிறபோது பவர் பேங்கைக் கைப்பையிலும் பஞ்சாமிர்தத்தைப் பெரிய பெட்டியிலும் வையுங்கள். பெட்டிச் சாவி உங்களிடமே இருக்கட்டும்.