விக்கப் போற சாமானுக்குச் சுதி கூட்டாதை

வா தம்பி, வா. அஞ்சாம் மாடியிலையிருந்து லிஃப்டும் இல்லாமல் படியாலை ஓடி வந்திருக்கிறாய். முகத்தைப் பாத்தால் பொம்பிளை பாத்துப்போட்டு வாறவன் மாதிரிக் கிடக்கு. இரு, மூச்சை விட்டுச் சொல்லு. என்ன, பான்ஜோவோ?

நல்லாய்ப் போச்சு. நான் எங்கையோ ஒரு பிள்ளையெண்டு நினைச்சிட்டன்.

உன்னட்டை இப்பவே நாலு கிடக்கெண்டு கொம்மா போன கிழமை வெள்ளவத்தைச் சந்தையிலை மீனுக்கு விலை பேசேக்கை சொன்னவ. ரெண்டு கிற்றார், ஒரு மண்டலின், ஒரு உக்குலேலே. அஞ்சாவதா பான்ஜோ வாங்கக் காசு காணாது. ஆனபடியால் நாலிலை ஒண்டை விக்கவேணும், எதை விக்கிறதெண்டு இந்தக் கிழவனைக் கேக்க வந்திருக்கிறாய். சரியான இடத்துக்குத்தான் வந்தாய். வாத்தியக்காரரைக் கேட்டிருந்தால் ஒண்டையும் விக்காதை எண்டிருப்பினம். கொம்மாவைக் கேட்டிருந்தால் எல்லாத்தையும் வில் எண்டிருப்பா. நான் அளவெட்டியிலை புகையிலையும் வெங்காயமும் வைச்ச தோட்டக்காரன். எனக்கு நடுநிலைமை உண்டு.

முதல்லை ஒண்டு கேக்கிறன். உந்த நாலிலையும் உனக்கு ஆகலும் பிடிச்சது எது? பாத்தியோ, நான் கேட்டு முடிக்க முந்தியே சொல்லிப்போட்டாய். முதல் வாங்கின கிற்றார். கழுத்து முறிஞ்சு, பசை போட்டு ஒட்டி, சீலைத் துண்டாலை சுத்திக் கட்டி வைச்சிருந்தியே, அதுதானே? விலை கூடினது அலுமாரிக்கு மேலை உறையுக்கை நித்திரை. நொண்டிக் கிற்றார் உன்ரை கட்டில்லை நித்திரை. மண்டலினைப் பற்றிக் கேக்கவே தேவையில்லை. அது ஒண்டுக்கும் உதவாத சாமான்.

வெக்கப்படாதை. இது உனக்கு மட்டும் வந்த வருத்தமில்லை. எங்கடை கொட்டிலுக்கை மூண்டு மண்வெட்டி கிடந்தது. ரெண்டை ஆரும் எடுக்கலாம். மூண்டாவதை ஐயா மட்டுந்தான் தொடுவார். அதின்ரை பிடி கைபட்டுக் கைபட்டுக் கண்ணாடி மாதிரி மினுங்கும். ஒருநாள் கூலிக்கு வந்த பெடியன் தெரியாமல் அதை எடுத்து வாய்க்கால் வெட்டிப்போட்டான். ஐயா அண்டைக்கு மத்தியானம் சாப்பிடேல்லை. வெட்டினது அதே மண், ஓடினது அதே தண்ணி. ஆனால் பின்னேரம் மண்வெட்டியைத் தூக்கிப் பாத்துப்போட்டு, "பாரம் மாறிப்போச்சு" எண்டார். இரும்பு எப்பிடியடா ஒரு நாளிலை பாரம் மாறும்? கேட்டால் எனக்கும் அடி விழும்.

தோட்டக்காரனுக்கே இப்பிடியெண்டால் நாயனக்காரரைச் சொல்ல வேணுமே! எங்கடை அளவெட்டி, என். கே. பத்மநாதன் பிறந்த ஊர், தவில் தெட்சணாமூர்த்தி வாழ்ந்த ஊர். திருவிழாவெண்டால் சின்னனிலை நான் முன்வரிசையிலை இருந்து நாயனத்தைப் பாக்கிறதில்லை, அதிலை தொங்கிற சீவாளிக் கொத்தைத்தான் பாப்பன். ஒண்டை மாட்டுவினம், ஊதுவினம், முகத்தைச் சுழிப்பினம், கழட்டுவினம். வேறை ஒண்டை நாக்கிலை நனைச்சு மாட்டுவினம். எல்லாம் ஒரே நாணல்தான். எண்டாலும் ஒண்டுதான் அண்டைக்கு அந்த வாயோடை ஒத்துப்போகும். தவில்காரர் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு காத்திருப்பார். அவருக்குத் தெரியும், உது புருசன் பெண்சாதிக் கதை, இடையிலை போகக்கூடாது.

கும்பகோணத்துப் பக்கம் நரசிங்கம்பேட்டையெண்டு ஒரு ஊர். நாயனம் செய்யிறதுக்கெண்டே பேர்போனது. 2022 இலை புவிசார் குறியீடும் குடுத்திருக்கினம். அங்கை ஆச்சா மரத்திலை கடையினம், ஆனால் பச்சை மரத்தை வெட்டிக் கடையிறேல்லை. பழைய வீடு இடிக்கேக்கை உத்தரம், தூண் எண்டு வாற மரத்தை வாங்குவினம். எத்தனையோ தலைமுறை வெயிலும் மழையும் பாத்துக் காஞ்ச மரம் வேணும். ஒரு வீட்டைத் தாங்கின மரம்தான் ஒரு ராகத்தைத் தாங்கும்போலை. உன்ரை ரெண்டாவது கிற்றார் என்ன மரம்? "பார்சலிலை வந்தது" எண்டு சொல்லாதை, அது மரமில்லை.

திருவாவடுதுறை ராஜரத்தினம்பிள்ளைக்குத் திமிரி நாயனத்தின்ரை கிரீச்செண்ட சத்தம் ஒத்துவரேல்லை. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியைக் கொண்டு நீளமான பாரி நாயனத்தைச் செய்விச்சார். சுதி இறங்கிச்சு, சத்தம் கனத்துது, பிறகு நாடே அந்த நீளத்துக்கு மாறிப்போச்சு. உடனை தலையை ஆட்டாதை தம்பி. வாத்தியம் தன்ரை வாய்க்கு வரட்டுமெண்டு இருந்தவர் ராஜரத்தினம்பிள்ளை. நீ அஞ்சாம் மாடி. நாங்கள்தான் வாத்தியத்தின்ரை வாய்க்குப் போகவேணும்.

வெள்ளைக்காரன்ரை தேசத்திலையும் உந்தப் பைத்தியந்தான். அமெரிக்காவிலை ஏர்ள் ஸ்க்ரக்ஸ், டொன் ரீனோ எண்டு ரெண்டு பான்ஜோக்காரர், ரெண்டு பேரும் விண்ணர். 1940களின்ரை கடைசியிலை, எங்கடையாக்கள் மாட்டை மாட்டுக்கு மாத்திறது மாதிரி, ரெண்டு பேரும் பான்ஜோவை மாத்திக்கொண்டினம். ரீனோவட்டையிருந்து வந்த கிப்சன் கிரனாடா ஸ்க்ரக்ஸின்ரை பேரோடை ஒட்டிக்கொண்டுது. ஆர் ஆரை ஏமாத்தினதெண்டு பான்ஜோக்காரர் இண்டைக்கும் கதைச்சுக்கொண்டிருக்கினமாம். மாட்டுச் சந்தையிலையும் அந்தக் கதை முடியிறேல்லை.

அவையைவிடக் கெட்டிக்காரன் பி. பி. கிங். 1949 இலை ஆர்கன்சோவிலை ட்விஸ்ட் எண்ட ஊரிலை ஆட்டக்கொட்டகையொண்டிலை கிற்றார் வாசிச்சுக்கொண்டிருக்கேக்கை, ரெண்டு பேர் அடிபட்டு, குளிருக்கு எரிச்சுக்கொண்டிருந்த மண்ணெண்ணைப் பீப்பாவைத் தட்டிவிட்டுட்டாங்கள். கொட்டகை பத்தி எரியுது. வெளியிலை ஓடி வந்த மனுசன் கிற்றாரை விட்டுட்டு வந்தது ஞாபகம் வந்து திரும்ப நெருப்புக்கை ஓடினார். முப்பது டொலர்ச் சாமான்! அடுத்தநாள்தான் தெரிஞ்சுது, அடிபட்டது லூசில் எண்ட ஒரு பெட்டைக்காக எண்டு. அண்டையிலையிருந்து அந்தக் கிற்றாருக்குப் பேர் லூசில். அதுக்குப் பிறகு வாங்கின கிற்றார் எல்லாத்துக்கும் பேர் லூசில். இதைப் படி தம்பி! எத்தனை வாங்கினாலும் ஒரே பேரை வை. கொம்மா எத்தனை வைச்சிருக்கிறாயெண்டு கேட்டால், "லூசில் மட்டுந்தான் அம்மா" எண்டு சத்தியம் பண்ணலாம்.

பான்ஜோ கூடாத சாமானெண்டு நான் சொல்லமாட்டன். ஆபிரிக்காவிலையிருந்து அடிமையளாய்ப் பிடிச்சுக்கொண்டு போன சனம், சுரைக்குடுக்கைக்குத் தோல் போத்து நரம்பு கட்டி வாசிச்சதிலையிருந்து வந்தது அது. கையிலை ஒரு முடிச்சும் கொண்டுபோகேலாத பயணத்திலை நினைவிலை வைச்சுக் கொண்டு போயிருக்கினம். பாக்கிறதுக்குக் கஞ்சிராவுக்குக் கழுத்து முளைச்ச மாதிரி. கஞ்சிராக்காரர் சுதி இறக்கத் தோலிலை தண்ணி தடவுவினமே, அந்தக் காலத்துப் பான்ஜோவுக்கு மழையே அந்த வேலையைச் செய்துபோடும். இப்ப பிளாஸ்டிக் தோல், தொய்யாது. ஆனால் கம்பி? மரைன் டிரைவிலை நிண்டு மூக்கை உறிஞ்சிப் பார், உப்பு. எங்கடை ஜன்னல் கம்பியே ரெண்டு வரியத்திலை உதிருது. உன்ரை ரெண்டு கிற்றாரிலை பன்னிரண்டு, மண்டலினிலை எட்டு. இருபது இரும்புக் கம்பி இப்பவே கிடக்கு. பான்ஜோவோடை இருபத்தைஞ்சு. ஞாயிற்றுக்கிழமையளிலை இருபத்தைஞ்சு கம்பி துடைக்கிறவன் எப்ப வாசிக்கிறது? நான் பகிடிக்குச் சொல்லேல்லை, கணக்குச் சொல்லுறன். அந்த மண்டலின் போனால் ஒரேயடியாய் எட்டுக் குறையும்.

என்ரை கதையைச் சொல்லுறன் கேள். 64 இலை இருபத்தொரு வயதிலை கொட்டாஞ்சேனைக்கு வந்து அம்மான்ரை சுருட்டுக்கடையிலை நிண்டனான். அப்ப இந்தத் தெற்குப் பக்கம் சந்திக்குச் சந்தி யாழ்ப்பாணத்தான்ரை சுருட்டுக்கடைதானே. இரவிலை கடைக்கு மேலை மெத்தையிலை படுக்கை. ஒரு பக்கம் இலங்கை வானொலி, மற்றப் பக்கம் கலியாண வீட்டிலை வொலி பஸ்தியான்ரை பைலா. முதல் மூண்டு மாசச் சம்பளத்திலை புறக்கோட்டையிலை ஒரு புல்புல் தாரா வாங்கினன். வெள்ளைக்காரன் அதுக்கும் இந்திய பான்ஜோ எண்டு பேர் வைச்சிருக்கிறான், தெரியுமோ? இந்தியாவுமில்லை, பான்ஜோவுமில்லை. 1912 இலை ஜப்பானிலை நகோயாவிலை மொரிட்டா கோரோ எண்டவர் செய்த தாய்ஷோகோத்தோதான் இஞ்சாலை வந்து பேர் மாறினது. தட்டச்சு யந்திரம் மாதிரிக் கட்டையளை அமத்திக்கொண்டு, மற்றக் கையாலை கம்பியை மீட்டவேணும்.

அதிலை ஒரு கட்டை இறுகிப்போச்சு. நிஷாதம். அமத்தினால் எழும்பாது. 70க்குப் பிறகு இறக்குமதியெல்லாத்தையும் அரசாங்கம் நிப்பாட்டிப்போட்டுது. கம்பி அறுந்தால் சைக்கிள் பிரேக் வயரைப் பிரிச்சு ஒரு இழை போடுவன். கட்டைக்கு எங்கை போறது? நிஷாதமில்லாமலே வாசிக்கப் பழகினன். நித்தி கனகரத்தினத்தின்ரை சின்ன மாமியிலையிருந்து மனோகரன்ரை சுராங்கனி மட்டும் எல்லாத்தையும் அந்த ஒரு பள்ளத்தைப் பாஞ்சு பாஞ்சுதான் வாசிச்சன். பாயிற இடத்திலை ஒரு சின்ன இழுவை வரும். ஒழுங்கையிலை ஆக்கள், "இவருக்கெண்டு ஒரு பாணி கிடக்கு" எண்டு கதைச்சினம். பாணியுமில்லை, ஒண்டுமில்லை, இறுகின கட்டை!

77க்குப் பிறகு சாமான் வரத் துடங்க ரெண்டு புதுசு வாங்கினன். ஒண்டு மெட்ராசிலையிருந்து வந்தது, மற்றது கரண்டிலை வேலை செய்யும். கட்டை எல்லாம் வெண்ணெய் மாதிரி. கேள் வேடிக்கையை: புதுசிலையும் என்ரை விரல் நிஷாதத்தைப் பாஞ்சுது. நல்ல ரோட்டிலையும் பழைய பள்ளத்துக்கு விலத்திற சைக்கிள்காரன் மாதிரி. அண்டைக்குத்தான் விளங்கிச்சு. பிடிச்ச வாத்தியமெண்டால் நல்ல வாத்தியமெண்டு அர்த்தமில்லை. அதின்ரை பிழையை உன்ரை கை பாடமாக்கிப்போட்டுது, அவ்வளவுதான். உன்ரை நொண்டிக் கிற்றாரும் அப்பிடித்தான். கழுத்து வளைஞ்ச இடத்திலை நீ விரலை ஒரு மாதிரிச் சரிச்சு வைக்கிறாய், நான் பாத்தனான். பான்ஜோவிலையும் சரிப்பாய், இருந்து பார்.

சரி, விக்கிற கதைக்கு வருவம். பழசை விப்பமெண்டு கொட்டாஞ்சேனையிலையே ஒருத்தரை வரச்சொன்னன். சாமானைக் காட்டவேணுமே எண்டு சுதி கூட்டினன். கூட்டினதுதான் கூட்டினன், ஒரு பாட்டு வாசிச்சன். வாசிச்சு முடிய வந்த மனுசன் விலை கேட்டார். வாயிலை வந்தது மூண்டு மடங்கு. தேத்தண்ணியும் குடியாமல் போட்டார். அடுத்த கிழமை வேறை ஒருத்தர். அதே சுதி, அதே பாட்டு, நாலு மடங்கு. மனுசி குசினிக்கையிருந்து சொன்னா, "இஞ்சாருங்கோ, விக்கிற சாமானுக்கு ஏன் சுதி கூட்டுறியள்? மாட்டை விக்கேக்கை மடியிலை முத்தங் குடுத்தே அனுப்புறது?" புத்தியுள்ள மனுசி. அந்த ரெண்டு புதுசையும் உறையோடை, சுதி கூட்டாமல் ஒரே பின்னேரத்திலை வித்தன். நெஞ்சு ஒரு துளியும் நோகேல்லை.

83 ஆடிக் கலவரத்திலை நாங்கள் வெள்ளவத்தையிலை வாடகை வீட்டிலை இருந்தனாங்கள். காலிவீதியிலை புகை எழும்ப அயல் சிங்களக் குடும்பம் பின்மதிலாலை எங்களை ஏத்தி எடுத்துது. பிறகு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலை அகதி முகாம். அங்கை போய் இருந்து மூச்சு விட்டாப் பிறகுதான் மனுசி பாத்தா. அவவின்ரை ரெண்டு சோடிக் காப்பு வீட்டு அலுமாரியிலை. என்ரை கையிலை புல்புல் தாரா. நான் எடுத்தது எனக்கே தெரியாது. நாப்பது வரியம் அதைச் சொல்லிச் சொல்லி என்னைத் திண்டவ. ஆனால் உப்புக்காத்து படாமலிருக்க அதைத் தன்ரை பழைய நூல் சேலையிலை சுத்தி வைச்சதும் அவதான். இப்பவும் அந்தச் சேலைக்கைதான் கிடக்கு. சும்மா கேட்டு எடுக்காதை, குடுக்கமாட்டன்.

ஆகையினால் தம்பி, என்ரை புத்தி இதுதான். பான்ஜோவை வாங்கு. வாங்காதை எண்டால் நீ கேக்கவே போறாய்? நொண்டிக் கிற்றாரை விக்காதை, வித்தால் ஒரு மாசத்திலை வாங்கினவன்ரை வாசல்லை போய் நிப்பாய். உக்குலேலே காசு பெறாது. ரெண்டாவது கிற்றார் கொம்மா வாங்கித் தந்தது, அதை வித்தால் சோறு கிடையாது. மிஞ்சிறது மண்டலின். பாலகொல்லு சிறினிவாஸ் எண்ட பெடியன் அஞ்சு கம்பி மின்சார மண்டலினிலை கர்நாடக சங்கீதத்தையே புரட்டிக் காட்டினான். ஆனால் அவன் அவன், நீ நீ. உன்ரை கையிலை அது ஒண்டுக்கும் உதவாது.

பின்னேரம் கீழை கொண்டு வா. ஆருக்கு விக்கிறதெண்டு அலையாதை, ஆள் இருக்கிறன். உறையைத் திறக்காதை, சுதியும் கூட்டாதை.

என்ன விலையோ? சுதி கூட்டாத சாமானுக்கு அரை விலைதானே தம்பி, ஊர் வழக்கம்.